வீட்டு நெட்டின் வேகத்தை நாமே அளப்போம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் குழு ஊக்குநர் ஒருவர் ஆற்றிய உரை)



கம்பம் பள்ளத்தாக்கில் தண்ணிக் கணக்கு தெரியாதவங்க கிடையாது. முதல் போகத்துக்கு முல்லைப் பெரியாறு தண்ணீரைத் திறந்தால், "விநாடிக்கு 300 கனஅடி, பாசனத்துக்கு 200, குடிநீருக்கு 100" என்று பேப்பரில் போடுவார்கள். ஆனா கடைமடைக்கு எவ்வளவு வந்துச்சுன்னு வயலில் போய்ப் பார்த்தாத்தான் தெரியும். வீட்டு நெட்டும் அப்படித்தான். 40 எம்பிபிஎஸ் என்பதும் விநாடிக்கு இவ்வளவு என்கிற கணக்குதான். அதை எட்டால் வகுத்தால், விநாடிக்கு 5 எம்பி இறங்கணும்.

எங்க வீட்டில் மாதம் 499 ரூபாய் திட்டம். 18 சதவீத வரியோட 589 ரூபாய். போன வருஷம் மகளோட கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். ராத்திரி ஒன்பது மணிக்குச் சான்றிதழ் ஏறவே இல்லை. பிரவுசிங் சென்டருக்கு ஓடி, கடை மூடுற நேரத்தில் முடிச்சோம். கம்பெனியில் கேட்டால், "எங்க பக்கம் சரியா இருக்கும்மா" என்றார்கள். என்னால் பதில் பேச முடியவில்லை. குழுவில் ஒரு ரூபாய் குறைந்தாலும் பதிவேட்டைப் புரட்டுற நாம, இதுக்கு மட்டும் ஏன் கணக்கு வைக்கலை?

அன்றைக்கே நோட்டு போட்டேன். நீங்களும் இப்படிச் செய்யுங்கள்:

1. டிவி, மற்ற போன்கள் எல்லாவற்றிலும் வைஃபையை நிறுத்துங்கள். அளக்கிற போனில் சிம் டேட்டாவையும் நிறுத்துங்கள்.

2. மோடம் பெட்டி பக்கத்தில் நின்று, ஸ்பீடு டெஸ்ட் செயலியில் மூன்று தடவை அளந்து பாருங்கள். லேப்டாப் இருந்தால் வயர் போட்டு அளப்பது இன்னும் சரியாக இருக்கும்.

3. பிறகு வழக்கமாக உட்காரும் அறையில் அளங்கள்.

4. காலை, மதியம், இரவு என்று ஒரு வாரம் எழுதுங்கள். இறங்கும் வேகம், ஏறும் வேகம் இரண்டும் வேண்டும். விண்ணப்பம் அனுப்ப ஏறும் வேகம்தான் முக்கியம்.

எனக்கு என்ன கிடைத்தது தெரியுமா? பெட்டி பக்கத்தில் காலையில் 38. அறையில் வெறும் 6. இது நம்ம வீட்டுக் குறை. பெட்டி இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. இடம் மாற்றினேன், 30 ஆச்சு. ஆனால் இரவு ஒன்பது மணிக்குப் பெட்டி பக்கத்திலேயே 9தான், ஏறும் வேகம் 1கூட இல்லை. இது அவங்க குறை. நோட்டைக் காட்டிப் புகார் எண் வாங்கினேன். இரண்டாம் புகாருக்குப் பிறகு லைன்மேன் வந்து தெருமுனை இணைப்பை மாற்றினார்.

ஒரு விஷயம் கவனிங்க. சில திட்டங்களில் குறிப்பிட்ட டேட்டா முடிந்ததும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். அதை முதலில் பாருங்கள். பிராட்பேண்ட் என்று சொல்லக் குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. 2004ல் அது 256 கேபிபிஎஸ்தான். புகார் தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம்.

அளக்காமல் சண்டை போட்டால் வாய்தான் வலிக்கும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு நோட்டோட வாங்க.