'தட்' என்னும் ஒரு சொல்லும் நம் வேற்றுமை உருபுகளும்



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஆங்கிலத்தில் ஒரு பெயரடைக்குப் பின் 'தட்' என்னும் சொல் வர, அதன்பின் ஒரு முழு வாக்கியம் துணைவாக்கியமாய்த் தொடரும் அமைப்பே அது. 'ஐ ஆம் ஷூர் தட் ஹீ வில் கம்' என்பதை எடுத்துக்கொள்வோம். 'ஷூர்' என்பது பெயரடை. எதைப் பற்றிய உறுதி என்பதைத் துணைவாக்கியம் சொல்கிறது. பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் நம் பிள்ளைகள் இக்கருத்தை ஒரே நாளில் மூன்று மொழிகளில் எழுத வேண்டியவர்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் அவர்கள் இடறுகிறார்கள். அவ்விடறல்களுள் பல, 'தட்' என்றால் 'என்று' என நாமே கரும்பலகையில் எழுதிப்போட்ட ஒரு வரியிலிருந்து பிறந்தவை என்பது எம் கருத்து.

ஆங்கிலக் கட்டுரை ஏடுகளைத் திருத்துவோர் அனைவரும் கண்டிருக்கக்கூடிய ஒரு தொடர் உண்டு: 'ஐ ஆம் ஷூர் அபௌட் தட் ஹீ வில் கம்.' நாம் 'அபௌட்' என்பதன்மேல் சிவப்புக் கோடு இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிறோம். அச்சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. மாணவர் மனத்தில் இருந்த தமிழ்த்தொடர், 'அவர் வருவார் என்பதில் உறுதியாக இருக்கிறேன்' என்பது. 'என்பதில்' என்பதிலுள்ள 'இல்' உருபுக்கு அவர் நேர்மையாக ஓர் ஆங்கிலச் சொல் தேடியிருக்கிறார்; அவ்வளவே. பெயர்ச்சொல் வரும்போது ஆங்கிலமும் அவ்வாறே செய்கிறது. 'ஷூர் ஆஃப் ஹிஸ் சக்ஸஸ்' என்பதில் 'ஆஃப்' இருந்தே தீர வேண்டும். ஆனால் 'தட்' வந்தவுடன் அந்த முன்னிடைச்சொல் மறைந்துவிடுகிறது. 'அஃப்ரெய்ட் ஆஃப்', 'ப்ரௌட் ஆஃப்', 'சர்ப்ரைஸ்ட் அட்' எல்லாமே 'தட்' முன் தம் வாலை இழந்து நிற்கின்றன.

தமிழ் அவ்வாறு எதையும் இழப்பதில்லை. இதை நாம் மாணவர்க்குச் சொல்வதே இல்லை. 'நீங்கள் வந்ததில் மகிழ்ச்சி' என்கிறோம். 'வந்ததற்கு நன்றி' என்கிறோம். 'அவர் தோற்றதை எண்ணி வருந்துகிறோம்.' 'மழை வந்துவிடுமோ என்று அஞ்சுகிறோம்.' 'அவர் வெல்வார் என்பதில் ஐயமில்லை.' மகிழ்ச்சிக்கு ஓர் உருபு, நன்றிக்கு வேறோர் உருபு, வருத்தத்திற்கு இரண்டாம் வேற்றுமையோடு ஒரு வினையெச்சம், அச்சத்திற்கு ஓகாரமும் 'என்று' என்பதும். நடந்து முடிந்ததைக் குறித்த உணர்வுக்கு 'வந்தது' போன்ற தொழிற்பெயர் இயல்பாய் அமைகிறது; நினைப்பதையும் எதிர்பார்ப்பதையும் 'என்று', 'என்பது' ஆகியவை தாங்குகின்றன. ஆங்கிலமோ எல்லாவற்றையும் 'தட்' என்னும் ஒரே வாயில் வழியாக அனுப்புகிறது. பேச்சில் அந்த வாயிலையும் நீக்கி, 'ஐ ஆம் ஷூர் ஹீ வில் கம்' என்றே சொல்லிவிடும். நாம் 'என்று' என்பதை அவ்வாறு நீக்க முடியாது. கிள்ளான் சந்தையில் விரைந்து பேசுபவரும் 'வருவான்னு' என்று 'ன்னு'வையாவது வைத்துத்தான் பேசுவார்.

'தட்' என்றால் 'என்று' எனக் கற்ற பிள்ளை தமிழ்க் கட்டுரையில் என்ன எழுதுகிறது? 'நீங்கள் வந்தீர்கள் என்று மகிழ்ச்சி.' புரியாத தொடர் அன்று. ஆயினும் தமிழ்க் காது அதை ஏற்கத் தயங்குகிறது. ஆங்கிலத்தில் நேர்ந்த பிழையைவிட இதுவே எம்மை அதிகம் கவலைகொள்ளச் செய்கிறது. ஆங்கிலப் பிழை திருத்தப்படுகிறது. தமிழில் உருபு ஒன்று தேய்ந்து போவதை யாரும் பிழையென்று குறிப்பதில்லை.

மலாய் இங்கே ஒரு நல்ல துணை. 'சாயா யாக்கின் பஹாவா டியா அக்கான் டாத்தாங்' என்னும் தொடர் ஆங்கிலத்தின் நேர் வரிசையிலேயே செல்கிறது. 'பஹாவா' நிற்குமிடம் 'தட்' நிற்குமிடம். ஆனால் மகிழ்ச்சி என்று வந்தால் மலாய்க்காரர் இயல்பாக 'கெம்பிரா கெரானா' என்பார். 'வந்த காரணத்தால் மகிழ்ச்சி' என்பதுபோல. உறுதி வேறு, மகிழ்ச்சி வேறு என்னும் பிரிவு மலாயிலும் தெரிகிறது. மாணவர் அறிந்த மொழியைச் சான்றாகக் காட்டும்போது பாடம் பாதி முடிந்துவிடுகிறது.

இனி எதிர்த்திசையில் ஒரு சிக்கல். 'ஜாலான் தெங்கு கிளானாவில் தீபாவளிக் கடைகள் திறந்தது உண்மை' என்கிறோம். 'அவர் இன்று வருவது கடினம்' என்றும் சொல்கிறோம். தமிழில் இரண்டும் ஒரே அச்சு. முதலாவதற்கு 'இட் இஸ் ட்ரூ தட்' பொருந்தும். இரண்டாவதற்கு 'இட் இஸ் டிஃபிகல்ட் தட்' என்று எழுதினால் ஆங்கிலம் ஏற்காது. 'டிஃபிகல்ட் ஃபார் ஹிம் டு கம்' என்றே எழுத வேண்டும். 'ட்ரூ', 'க்ளியர்', 'பாசிபிள்' போன்றவை ஒரு செய்தியைப் பற்றிப் பேசுகின்றன. செய்திக்கு 'தட்' வரும். 'ஈசி', 'டிஃபிகல்ட்' ஆகியவை ஒரு செயலைப் பற்றிப் பேசுகின்றன. செயலுக்கு 'டு' வரும். தமிழ் பிரிக்கும் இடத்தில் ஆங்கிலம் சேர்க்கிறது. தமிழ் சேர்க்கும் இடத்தில் ஆங்கிலம் பிரிக்கிறது. 'இம்பார்டன்ட்' இரண்டு பக்கமும் நிற்கும் என்பதையும் சொல்லி வைப்போம். 'இட்' என்னும் பொருளற்ற எழுவாயை 'இது' என்று மொழிபெயர்த்து, 'இது தெளிவாக உள்ளது, அவர் வரமாட்டார் என்று' என எழுதுவோரும் உளர். 'அவர் வரமாட்டார் என்பது தெளிவு' என்பதில் எழுவாய் முன்பே வந்துவிட்டது, இன்னொன்று எதற்கு?

'அஃப்ரெய்ட்' தனிக்கதை. 'ஐ ஆம் அஃப்ரெய்ட் தட் தி டாக்டர் இஸ் நாட் இன்' என்று வரவேற்பு மேசையில் இருப்பவர் சொன்னால் அவர் எதற்கும் அஞ்சவில்லை. வேண்டாத செய்தியை மென்மையாகச் சொல்கிறார். 'மருத்துவர் இல்லை என்று பயப்படுகிறேன்' என்னும் மொழிபெயர்ப்பைக் கேட்டால் நோயாளிதான் பயப்படுவார். 'மன்னிக்கவும், மருத்துவர் இப்போது இல்லை' என்பதே அதன் தமிழ். இங்கே 'அஃப்ரெய்ட்', 'தட்' இரண்டிற்கும் நேர்ச்சொல் இல்லாமலே மொழிபெயர்ப்பு நிறைவு பெறுகிறது.

'தட்' அடிப்படையில் ஒரு சுட்டுச்சொல். 'அது' என்று விரல் நீட்டிக் காட்டுவது. 'என்று' என்பதோ 'என்' என்னும் சொல்லுதல் வினையிலிருந்து பிறந்தது. தெலுங்கின் 'அனி', சிங்களத்தின் 'கியலா' ஆகியனவும் சொல்லுதல் வினையின் வழிவந்தவையே. தொல்காப்பியர் இடையியலில் 'என' என்பதற்கு வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என ஆறு இடங்களைக் கூறி, 'என்று' என்பதும் அத்தன்மையதே என்கிறார். பிறப்பிலேயே வேறான இரு சொற்களைச் சமன் எனக் கொண்டதில் வந்த வினை இது.

ஆங்கிலத்தைப் பிறமொழியாளர்க்குக் கற்பித்தவர்கள் இவ்வகைச் சிக்கலை முன்பே உணர்ந்திருந்தனர். ஏ. எஸ். ஹார்ன்பி சப்பானில் பணியாற்றியவர். அவரும் உடன்பணியாளர்களும் தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. பின்னர் 1948-இல் ஆக்ஸ்போர்டு அதை வெளியிட்டது. 1954-இல் வந்த அவருடைய வாக்கிய அமைப்பு வழிகாட்டி, எந்தச் சொல்லுக்குப் பின் எந்த அமைப்பு வரும் என்பதை வகைப்படுத்திக் காட்டியது. நமக்கும் அப்படியொரு பட்டியல் வேண்டும். ஆனால் அது தமிழ்ப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். மகிழ்ச்சி, பெருமை, உறுதி, ஐயம், அச்சம், வியப்பு, வருத்தம், நன்றி ஆகிய சொற்களை எழுதி, ஒவ்வொன்றும் எந்த உருபை ஏற்கிறது என்று மாணவரையே சொல்லச் செய்யலாம். ஒரு பாடவேளை போதும். அதன் பிறகு ஆங்கிலத்தை அருகில் எழுதினால், உருபுகள் அங்கே எவ்வாறு மறைகின்றன என்பதை அவர்களே காண்பர்.

அடுத்த முறை 'ஷூர் அபௌட் தட்' என்னும் தொடர் உங்கள் மேசைக்கு வரும்போது, கோடு இழுக்குமுன் அந்த மாணவரை அழைத்து, இதைத் தமிழில் எப்படிச் சொல்வாய் என்று கேளுங்கள். 'என்பதில்' என்று பதில் வந்தால், அந்த 'இல்' மீது விரல் வைத்துக் காட்டிவிட்டு, பிறகு 'அபௌட்' என்பதை அவரையே அடிக்கச் சொல்லுங்கள்.