வேணும்னே செய்யல... ஆனாலும் வெளியே போகணுமா?

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

மெட்ரோல நின்னுக்கிட்டு, பைக்ல போய்க்கிட்டு, பாத்திரம் கழுவிக்கிட்டுன்னு எங்கிருந்து கேட்டாலும் சரி, இன்னைக்கு ஒரு கேள்வியிலேயே நேரா ஆரம்பிச்சிடலாம். விளையாட்டுல ஒருத்தர் வேணும்னே செய்யல. கை தவறுது, கால் தவறுது, எதிர்ல இருக்கறவருக்குத் தலையில அடி. இப்போ அவரை ஆட்டத்தை விட்டு வெளியே அனுப்பறது நியாயமா?

நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கற ஒரு மேட்ச் இருக்கு. 2024 ஆகஸ்ட் 4, பாரிஸ் ஒலிம்பிக்ஸ், ஹாக்கி கால் இறுதி. இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் ஆட்டம். 17-வது நிமிஷம். நம்ம தடுப்பாட்டக்காரர் அமித் ரோஹிதாஸ் பந்தோட முன்னாடி போறார். அவரோட ஸ்டிக் மேல வந்து, பிரிட்டன் வீரர் வில் கால்னன் தலையில படுது. வீடியோ பார்க்கறாங்க. ரெட் கார்டு. மொத்தம் 60 நிமிஷ ஆட்டத்துல மிச்சம் 43 நிமிஷம் இந்தியா 10 பேரோட ஆடணும்.

அன்னைக்கு நாம ஜெயிச்சோம். 1-1 ஆகி, ஷூட் அவுட்ல 4-2. ஸ்ரீஜேஷ் சுவர் மாதிரி நின்னார். அந்தச் சந்தோஷத்துல கார்டு விஷயத்தைப் பாதிப் பேர் மறந்துட்டோம். ஆனா ரோஹிதாஸுக்கு அடுத்த மேட்சும் தடை. ஹாக்கி இந்தியா அப்பீல் பண்ணிச்சு, எடுபடல. ஜெர்மனிகூட அரை இறுதியில அவர் இல்லாம ஆடி 2-3னு தோத்தோம். பெனால்டி கார்னர் வந்தா முதல் ஆளா பாய்ஞ்சு போய்த் தடுக்கறவர் அவர். அந்த இழப்பு எவ்வளவு பெருசுன்னு ஹாக்கி பார்க்கறவங்களுக்குப் புரியும்.

அப்போ எல்லாரும் சொன்னது ஒரே வரிதான். "அவர் வேணும்னே அடிக்கல." நானும் ரசிகனா அன்னைக்குக் கத்தினவன்தான். ஆனா இந்த வரி ஒரு பதில்தானா? இன்னைக்குப் பேசப் போறது இதைத்தான்.

இந்தக் கேள்வியில அதிகமா மண்டையை உடைச்சிக்கிட்ட விளையாட்டு ரக்பி. உங்கள்ல பல பேர் ரக்பி பார்த்திருக்க மாட்டீங்க. 2025ல நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்ல கோப்பை வாங்கினது சென்னை புல்ஸ்னு சொன்னாலே சில பேருக்கு ஆச்சரியமா இருக்கும். ஓடி வர்றவரை மோதி, கட்டிப்பிடிச்சு, கீழே தள்ளறதுதான் அந்த ஆட்டமே. அங்க 'பட்டுடுச்சு'ங்கறது தினசரி நடக்கற விஷயம்.

அவங்க ஏன் இவ்வளவு கவலைப்பட்டாங்க? 2003ல உலகக் கோப்பை ஜெயிச்ச இங்கிலாந்து டீம்ல இருந்தவர் ஸ்டீவ் தாம்ஸன். 2020ல, நாப்பதுகளோட தொடக்கத்திலேயே, தனக்கு மறதி நோய்னு வெளியே சொன்னார். அந்த உலகக் கோப்பையை ஜெயிச்சதே ஞாபகம் இல்லைன்னார். யோசிச்சுப் பாருங்க, வாழ்க்கையோட உச்சமே அழிஞ்சு போச்சு. அவரைத் தலையில அடிச்ச யாரும் 'வேணும்னே' அடிச்சவங்களா இருக்கணும்னு அவசியம் இல்ல. மூளைக்கு உள்நோக்கம் தெரியாது. அடி மட்டும்தான் தெரியும்.

அதனால ரக்பியில நடுவர் கேட்கற கேள்விகளையே மாத்திட்டாங்க. தலையில பட்டுச்சா? அதுல விதிமீறல் இருந்துச்சா? ஆபத்து எவ்வளவு? அதைக் குறைச்சுப் பார்க்க ஏதாவது காரணம் இருக்கா, உதாரணமா எதிராளி கடைசி நொடியில சட்டுனு குனிஞ்சாரா? இந்த வரிசையில 'மனசுல என்ன நினைச்சே'ங்கற கேள்வி முதல்ல வரவே இல்ல பாருங்க.

இதோட விலையை ஒரு டீம் உலகக் கோப்பை இறுதியிலேயே குடுத்துச்சு. 2023 அக்டோபர் 28, பாரிஸ். நியூஸிலாந்து கேப்டன் சாம் கேன், தென்னாப்பிரிக்காவோட ஜெஸ்ஸி க்ரியெலைத் தலை உயரத்துல மோதினார். முதல்ல மஞ்சள் அட்டை, வீடியோவுல பார்த்து அதை ரெட்டா மாத்தினாங்க. ஆண்கள் உலகக் கோப்பை இறுதியில வெளியேற்றப்பட்ட முதல் வீரர் அவர். 14 பேரோட போராடி, 11-12னு ஒரே ஒரு புள்ளியில தோத்தாங்க. அதே மேட்ச்ல தென்னாப்பிரிக்க கேப்டன் சியா கோலிசிக்கும் தலையில பட்ட மோதலுக்காக மஞ்சள் அட்டை. அது மஞ்சளாவே நின்னுடுச்சு. நியூஸிலாந்துக்காரங்க இன்னைக்கும் அதை மறக்கல. கேன் ரௌடி கிடையாது, கொஞ்சம் நிமிர்ந்தே மோதப் போயிட்டார். அவ்வளவுதான்.

சரி, அப்போ தலையில பட்டாலே வெளியேவா? இல்ல. அதுவும் தப்பாப் போகும்னு ரக்பியே காட்டிடுச்சு. 2023 மார்ச் 18, டப்ளின். அயர்லாந்து வீரர் ஹ்யூகோ கீனன் பந்தை எடுக்கக் குனியறார். ஓடி வந்த இங்கிலாந்து வீரர் ஃப்ரெடி ஸ்டீவர்டுக்கு நிற்க நேரமே இல்ல, உடம்பைத் திருப்பிக்கறார். முழங்கை கீனன் தலையில படுது. ரெட் கார்டு. சில நாள் கழிச்சு விசாரணைக் குழு, 'இது ரெட் இல்ல, மஞ்சள் போதும்'னு சொல்லிச்சு. ஆனா இங்கிலாந்து அந்த மேட்ச்சைத் தோத்து முடிச்சாச்சு. யார் திருப்பிக் குடுப்பாங்க?

இங்கதான் என்னோட கருத்துக்கு வர்றேன். 'தெரியாம நடந்துச்சு'ங்கற ஒரே சொல்லுக்குள்ள நாம ரெண்டு வேற வேற விஷயத்தைப் போட்டு அடைச்சு வச்சிருக்கோம்.

முதல் வகை, யாராலயும் தவிர்க்க முடியாதது. 2014 நவம்பர்ல ஷான் அபாட் போட்ட பவுன்சர் ஃபிலிப் ஹ்யூஸ் கழுத்துல பட்டு, ரெண்டு நாள்ல அவர் இறந்தார். அந்தப் பந்துல விதிமீறல் எதுவும் இல்ல. அதுக்கு அபாட்டைத் தண்டிக்கணும்னு யாரும் கேட்கல, கேட்டிருக்கவும் கூடாது. அந்த மாதிரி இடத்துல மாத்த வேண்டியது பாதுகாப்புக் கவசத்தை, விதியை. தலையில அடிபட்டவருக்குப் பதிலா வேற ஆளை இறக்கலாம்னு டெஸ்ட் கிரிக்கெட்ல 2019ல விதி வந்துச்சே, அந்த மாதிரி.

ரெண்டாவது வகை, வேணும்னே செய்யல, ஆனா தவிர்த்திருக்கலாம். பீமர் எடுத்துக்கோங்க. இடுப்புக்கு மேல ஆபத்தான ஃபுல் டாஸ். 'சார், பந்து ஈரம், கை வழுக்கிடுச்சு'. உண்மையாவே இருக்கலாம். ஆனாலும் முதல் தடவை எச்சரிக்கை, ரெண்டாவது தடவை அந்த இன்னிங்ஸ்ல பந்து போட முடியாது. அம்பயர் உங்க மனசைத் திறந்து பார்க்கறது இல்ல. ரோட்லயும் இதேதான். லாரி ஓட்டறவர் கொல்லணும்னு ஓட்டல, கவனக்குறைவா ஓட்டினார். அதுக்கும் சட்டத்துல தண்டனை இருக்கு. கொலைக்குக் குடுக்கற தண்டனை இல்ல, ஆனா தண்டனை இருக்கு.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி 'வேணும்னே செஞ்சானா' இல்ல. 'வேற மாதிரி செஞ்சிருக்க முடியுமா?'

இப்போ இதை எங்க ஊருக்குக் கொண்டு வர்றேன். நான் கருவேப்பிலங்குறிச்சிக்காரன். விருத்தாசலத்துலேர்ந்து ஜெயங்கொண்டம் போற ரோட்ல வரும். விருத்தாசலம்னா உங்களுக்குப் பீங்கான் தெரியும், செராமிக் தெரியும். எங்களுக்குப் பொங்கல்னா கபடி. ரக்பி செவன்ஸ்ல ஒரு பக்கம் 7 பேர், கபடியிலயும் 7 பேர். மஞ்சள் அட்டை வாங்கினா அங்கயும் 2 நிமிஷம் வெளியே, இங்கயும் 2 நிமிஷம் வெளியே. கபடி விதியில பச்சை, மஞ்சள், சிவப்புன்னு மூணு அட்டையும் இருக்கு. பாடி வர்றவரோட வாயைப் பொத்தக் கூடாது, கழுத்தை நெரிக்கக் கூடாது, கத்தரிப்பிடி போடக் கூடாதுன்னும் இருக்கு.

ஆனா ஊர்த் திடல்ல நான் பார்த்த வரைக்கும் அட்டை வெளியே வந்தது ரொம்பக் குறைச்சல். நம்ம ஊர்ல நடைமுறை வேற. அடிபட்டவர் எழுந்து மண்ணைத் தட்டிட்டா, 'ஒண்ணும் இல்லப்பா, ஆடு'. எழுந்திருக்கலைன்னா சண்டை. ரெண்டுமே தப்பு! ஒரே மாதிரி பிடி, ஒருத்தர் அதிர்ஷ்டத்துல தப்பிச்சா அது வீரம், இன்னொருத்தர் விழுந்தா அது குத்தமா? பிடிச்சவர் செஞ்சது ரெண்டு தடவையும் ஒண்ணுதானே. காயத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. செயலைப் பார்த்துச் சொல்லணும்.

2022 ஜூலைல எங்க கடலூர் மாவட்டத்துலயே, பண்ருட்டி பக்கம் மானடிக்குப்பத்துல, கபடிப் போட்டியில பாடிப் போன ஒரு இளைஞர் களத்திலேயே விழுந்து இறந்துட்டார். காலேஜ்ல படிச்சிக்கிட்டிருந்த பையன். அந்த வீடியோ உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். அங்க யார் மேலயும் குத்தம் சொல்ல நான் வரல. அது ஆட்டத்துக்குள்ள நொடியில நடந்து முடிஞ்ச விஷயம். நான் கேட்கறது அதுக்கு அப்புறம் என்னன்னு. பிடிக்கும்போது முழங்காலை எங்க வைக்கணும், விழுந்தவர் மேல எப்படி விழக் கூடாதுன்னு எத்தனை ஊர்ல உக்காந்து பேசினாங்க? 'விதி'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டோம். அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கே, ரூல்ஸ்னு. அதை யாரும் எடுக்கல.

உங்கள்ல சில பேர் கேட்கலாம்: "ஆட்டமே கெட்டுப் போகுமே? ஒரு ஆள் குறைஞ்சா போட்டி எங்க?" நியாயமான கேள்வி. ரக்பியில இதுக்கும் ஒரு வழி பரிசோதிச்சிருக்காங்க. 2025 சிக்ஸ் நேஷன்ஸ்ல நீங்க பார்த்திருக்கலாம். ரெட் கார்டு வாங்கினவர் திரும்ப வர முடியாது, ஆனா 20 நிமிஷம் கழிச்சு அவருக்குப் பதிலா வேற ஆள் இறங்கலாம். வேணும்னே முரட்டுத்தனமா அடிச்சவருக்கு மட்டும் அந்தச் சலுகை இல்ல, டீம் கடைசி வரைக்கும் ஒரு ஆள் குறைவாத்தான் ஆடணும். எனக்கு இது பிடிச்சிருக்கு. செஞ்சவர் வெளியே. டீமுக்குக் கொஞ்சம் வலி. உள்நோக்கம் இருந்தா முழு வலி.

இதே அளவுகோலை வச்சு ரோஹிதாஸைப் பார்த்தா? பக்கத்துல ஆள் இருக்கும்போது ஸ்டிக் தலை உயரத்துக்கு வந்ததுக்கு அதைப் பிடிச்சிருந்தவர்தான் பொறுப்பு. அன்னைக்கு அவர் வெளியே போனதை நான் ஏத்துக்கறேன், மனசு வலிச்சாலும். ஆனா அரை இறுதிக்கும் தடை போட்டாங்களே, அது அதிகம். உள்நோக்கத்தைப் பத்திக் கேட்க வேண்டிய இடம் அதுதான். களத்துல ஆபத்தைப் பாருங்க, விசாரணையில மனசைப் பாருங்க.

எங்க ஊர்ப் பக்கம் பொங்கலுக்குப் போட்டி நடத்தற தம்பிங்க யாராவது இதைக் கேட்டா, மூணே விஷயம். ஒண்ணு, முதல் ஆட்டத்துக்கு முன்னாடி மைக்குல கார்டு விதியைச் சொல்லுங்க. கமென்ட்ரி சொல்ற அண்ணனுக்கு அரை நிமிஷ வேலை. ரெண்டு, கழுத்துலயோ தலையிலயோ பட்டா, அடிபட்டவர் எழுந்தாலும் ஆட்டத்தை நிறுத்துங்க. தவிர்த்திருக்கலாம்னா பிடிச்சவருக்குக் கார்டு குடுங்க. மூணு, கார்டு வாங்கினவரை ரௌடி மாதிரி பார்க்காதீங்க. அது அவரோட குணத்துக்குக் குடுத்த சர்டிஃபிகேட் இல்ல.

இன்னும் ஒண்ணு. அடிபட்டவரைப் பத்தியே பேசறோம். அடிச்சவரும் பக்கத்து ஊர்ப் பையன்தான். நாளைக்கு ஒரே பஸ்ல வரணும். 'என் கால்தான்டா பட்டுச்சு'ன்னு காலம் பூரா சுமக்கப் போறவர் அவர். முதல் தடவை ஆபத்தா பிடிச்சப்பவே ஒரு நடுவர் மஞ்சள் அட்டையைக் காட்டி 2 நிமிஷம் உக்கார வச்சிருந்தா, அடுத்த பிடியில அந்த முழங்கால் கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கும். அந்த அட்டை அவரையும்தான் காப்பாத்துது.

உங்க கருத்து வேறயா இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, சண்டையாவே இருந்தாலும் பரவாயில்ல. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.