வானவில்லை நோக்கி ஓடியவர்



பத்தாண்டுகளாகக் கவிதையையே பேசிவரும் ஓர் அவையில், மலைகளை ஒளிப்படம் எடுத்த ஒருவரைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்னும் ஐயம் எழக்கூடும். அவர் தமிழ் அறியாதவர். கவிஞர் என்று பெயர் பெற்றவரும் அல்லர். ஆயினும் கவிதைக்கு அடிப்படையான ஒரு வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் கால்களாலேயே கேட்டவர். ஒரு காட்சியைக் காண்பவர் எங்கே நிற்க வேண்டும் என்பதே அவ்வினா.

அவர் பெயர் கேலன் ரோவெல். 1940-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் பிறந்தார். தந்தையார் பல்கலைக்கழகப் பேராசிரியர். தாயார் செல்லோ என்னும் நரம்பிசைக் கருவியைப் பயிற்றுவித்த புகழ்பெற்ற ஆசிரியை. மைந்தரோ கல்லூரிப் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு, கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றை நடத்தினார். வார இறுதிகளில் மலையேறினார். ஏறிய இடங்களை நண்பர்களுக்குக் காட்டவே முதலில் படம் எடுத்தார். 1972-இல், முப்பதைக் கடந்த வயதில், குடும்பப் பொறுப்பும் உடையவராக இருந்த நிலையில், அந்தப் பட்டறையை விற்றுவிட்டு முழுநேர ஒளிப்படக் கலைஞரானார்.

எந்தப் பத்திரிகையிலும் அவர் மாத ஊதியம் பெறவில்லை. ஆங்கிலத்தில் ஃப்ரீலான்ஸ் என்று சொல்லப்படும் தனித்தொழில் அது. பணி கிடைத்தால் ஊதியம். கிடைக்காத மாதத்தில் ஏதுமில்லை. மழை பெய்து மலை மூடிக்கொண்டால் அந்தப் பயணச் செலவு எடுத்தவர் தலையில். இத்தொழிலுக்கு ஒரே ஊன்றுகோல் படைப்புரிமை. அமெரிக்காவில் 1976-இல் இயற்றப்பட்டு 1978 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, தனித்து இயங்கும் கலைஞர் எழுத்து வடிவில் விட்டுக்கொடுத்தாலன்றிப் படத்தின் உரிமை அவரிடமே தங்கும். ஒரே படத்தை இன்று ஓர் இதழுக்கும், ஐந்தாண்டு கழித்து ஒரு நாட்காட்டிக்கும், பின்னர் ஒரு நூலுக்கும் அவர் தரலாம். தம் கவிதை தம்மைக் கேளாமலேயே தொகுப்பு நூல்களில் இடம்பெறுவதைக் கண்டு மகிழ்வதா வருந்துவதா என்று தெரியாமல் நின்ற கவிஞர்களுக்கு இந்த உரிமையின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

1973-இல் ரோவெல் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் ஹாஃப் டோம் என்னும் பாறையில் ஏறினார். அதன் வடமேற்கு முகம் ஏறத்தாழ 600 மீட்டர் செங்குத்து. 1957-இல் முதன்முதலாக அம்முகத்தில் ஏறியவர்கள் பாறையில் இரும்பு ஆணிகளை அறைந்தே ஏறினார்கள். பின்வந்தோரும் அவ்வாறே செய்ய, பாறையின் பிளவுகள் சிதைந்து வடுப்பட்டன. ரோவெலும் அவருடைய தோழர் இருவரும் சுத்தியலையே எடுத்துச் செல்லவில்லை. சிறிய உலோக ஆப்புகளைப் பிளவுகளில் கையால் செருகினார்கள். கயிற்றை அவற்றில் மாட்டி ஏறினார்கள். ஏறியபின் அவற்றைக் கழற்றிக்கொண்டார்கள். பாறை முன்பு இருந்தபடியே இருந்தது. அந்த ஏற்றம் அவர் எழுதிய கட்டுரையும் எடுத்த படங்களுமாக 1974 ஜூன் மாத நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழில் வெளிவந்தது.

படம் எடுத்தவர் அங்கே வெறும் பார்வையாளர் அல்லர் என்பது கருதத்தக்கது. ஒரே கயிற்றில் பிணைந்த மூவருள் ஒருவர் அவர். தோழர் வழுக்கினால் தாங்க வேண்டிய கடமையும் அவருக்கு உண்டு. படக்கருவியை எடுப்பதற்கு முன் தம்மையும் தோழரையும் பாறையோடு பிணைத்தாக வேண்டும். அந்தப் படங்களில் தெரியும் உயரம் எடுத்தவருடைய உயரமும் ஆகும்.

அவர் எழுதியவை யாவும் வெற்றிக் கதைகள் அல்ல. 1975-இல் உலகின் இரண்டாவது உயரமான சிகரமாகிய கே2-வில் ஏறச் சென்ற அமெரிக்கக் குழுவில் அவரும் இருந்தார். குழு சிகரத்தை அடையாமலே திரும்பியது. அந்தத் தோல்வியையும், குழுவினரிடையே மூண்ட பூசல்களையும் மறைக்காமல் 1977-இல் நூலாக எழுதினார்.

இனி, அவருடைய படங்களுள் மிகுந்த புகழ் பெற்ற ஒன்றுக்கு வரலாம். 1981-இல் ரோவெல் ஒரு பயணக் குழுவுடன் திபெத்தின் லாசா நகரில் இருந்தார். அங்கே பொட்டாலா அரண்மனை குன்றின்மேல் எழுந்து நிற்கிறது. ஒரு மாலையில் வானவில் தோன்றியது. ஆனால் அவர் நின்ற இடத்திலிருந்து பார்க்கையில் அது அரண்மனையின்மேல் விழவில்லை, வேறோரிடத்தில் விழுந்தது.

வானவில்லைப் பற்றிய ஓர் அறிவியல் உண்மையை இங்கே நினைவுகூர வேண்டும். கதிரவன் முதுகுப்புறம் இருக்க, அதற்கு நேர் எதிர்ப்புள்ளியிலிருந்து ஏறத்தாழ 42 பாகைக் கோணத்தில் மழைத்துளிகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வில் தோன்றுகிறது. அந்த எதிர்ப்புள்ளி காண்பவர் நிற்குமிடத்தைப் பொறுத்தது. ஆகவே வானவில் ஒரு மலையைப் போலவோ மரத்தைப் போலவோ ஓரிடத்தில் நிற்கும் பொருள் அன்று. அருகருகே நிற்கும் இருவர் காண்பதும் ஒரே வில் அன்று. காண்பவர் நகர்ந்தால் வில்லும் உடன் நகரும்.

இவ்வுண்மையை அறிந்திருந்த ரோவெல், எத்திசையில் எவ்வளவு தொலைவு சென்றால் வில்லின் அடி அரண்மனையின்மேல் பொருந்தும் என்று மனத்துள் கணித்துக்கொண்டு ஓடத் தொடங்கினார். லாசா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே படியேறினாலே மூச்சு வாங்கும். கதிரவன் மறைவதற்குள், மழை நிற்பதற்குள் அவர் அந்த இடத்தை அடைந்தார். பொட்டாலாவின் பொற்கூரைகளின்மேல் வானவில் இறங்கும் படம் அவ்வாறு பிறந்தது.

அது வாய்ப்பினால் கிடைத்த படம் என்று சொல்வோர் உண்டு. வானவில் வந்தது வாய்ப்பே. ஆயினும் அந்த மாலையில் லாசாவில் வானத்தைப் பார்த்தோர் பலர் இருந்திருப்பர். அந்த ஓரிடத்துக்குக் கணித்து ஓடியவர் ஒருவரே.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தது. தமிழ்க் கவிதையில் உணர்வு வெற்றிடத்தில் நிகழ்வதில்லை. குறிஞ்சியில் யாமத்தில் நிகழ்கிறது, முல்லையில் மாலையில் நிகழ்கிறது. ரோவெல் தொல்காப்பியம் அறியாதவர். ஆயினும் நிலத்தின்மீது பொழுது வந்து பொருந்தும் ஒரு கணத்துக்காகவே வாழ்ந்தவர். 1986-இல் வெளிவந்த ‘மவுண்டன் லைட்’ என்னும் அவர் நூல் அந்தப் பொருத்தத்தையே பேசுகிறது. அவர் பயன்படுத்திய ஸ்லைடு படச்சுருள், மனிதக் கண் காணும் ஒளி வேறுபாட்டில் ஒரு பகுதியை மட்டுமே ஏற்கும். சிகரம் வெயிலிலும் பள்ளத்தாக்கு நிழலிலும் இருந்தால் ஒன்று வெளுக்கும், அல்லது மற்றொன்று இருளும். ஆகவே ஒரு பாதி கறுத்தும் மறு பாதி தெளிந்தும் இருக்கும் வடிகட்டிகளை அவர் பயன்படுத்தினார். கண் காண்பதைச் சுருள் எவ்வாறு காணும் என்று முன்கூட்டியே உணரப் பழகினார். உணர்ந்தது முழுவதையும் சொல் ஏற்காது என்பதை அறிந்த கவிஞர் செய்வதும் இத்தகைய பழக்கமே.

2002-இல், தம் 61-ஆம் வயதில், ரோவெல் மீண்டும் திபெத்துக்குச் சென்றார். சாங் டாங் என்னும் உயர் பீடபூமியில் சிரு என்னும் மானினம் வாழ்கிறது. ஷாதூஷ் என்னும் விலையுயர்ந்த சால்வைக்காக அவை கொல்லப்பட்டுவந்தன. கொல்லாமல் அந்த மென்மயிரை எடுக்க இயலாது. பெண் மான்கள் ஆண்டுதோறும் நெடுந்தொலைவு நடந்து ஈனும் இடத்தைத் தேடி நால்வர் புறப்பட்டனர். ஊர்திகள் செல்ல இயலாத நிலத்தில், உணவையும் கூடாரத்தையும் இருசக்கர வண்டிகளில் ஏற்றித் தாமே இழுத்துக்கொண்டு 400 கிலோமீட்டருக்கும் மேல் நடந்தனர். மான்கள் ஈனும் நிலத்தைக் கண்டனர். நால்வருள் மூத்தவர் ரோவெல். இளையவர் ஜிம்மி சின் என்பவர். அப்போது இருபதுகளில் இருந்தவர்.

அப்பயணம் முடிந்து சில வாரங்களே சென்றன. 2002 ஆகஸ்ட் 11 அன்று, கலிபோர்னியாவின் பிஷப் என்னும் சிற்றூரின் விமான நிலையத்துக்கருகே சிறு விமானம் ஒன்று விழுந்ததில் ரோவெலும் அவர் மனைவி பார்பராவும், உடனிருந்த இருவரும் உயிரிழந்தனர். எத்தனையோ சிகரங்கள் விட்டுவைத்த உயிர் வீட்டுக்கு அருகே பிரிந்தது.

இனி எழும் வினா ரோவெல் தொடங்கிவைத்ததன் தொடர்ச்சி. காண்பவர் எவ்வளவு நெருங்கலாம்? 2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹானால்ட் என்னும் மலையேறுபவர் யோசெமிட்டியின் எல் கேபிடன் பாறையில், ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தை, கயிறு ஏதுமின்றி 3 மணி 56 நிமிடங்களில் ஏறினார். கைநழுவினால் உயிரில்லை. அதைப் படமாக்கிய குழுவை நடத்தியவர்களுள் ஒருவர், சாங் டாங்கில் ரோவெலுடன் வண்டியிழுத்த அதே ஜிம்மி சின். அவர் ஹானால்டின் நண்பரும் ஆவார்.

குழுவினர் அனைவரையும் ஓர் அச்சம் அலைக்கழித்தது. அருகில் தொங்கும் படக்கருவியே அவர் கவனத்தைக் கலைத்தால்? ஒரு கல் உருண்டால்? படம் எடுக்க வந்தவர்களாலேயே நண்பர் விழ நேர்ந்தால்? முந்தைய ஆண்டு ஹானால்ட் ஒருமுறை ஏறத் தொடங்கிப் பாதியில் திரும்பியிருந்ததும் அந்த அச்சத்தை வளர்த்தது. முடிவில், பாறையின் மிகக் கடினமான பகுதியில் மனிதர் எவரும் அருகில் இல்லாதவாறு தொலைவிலிருந்து இயங்கும் கருவிகளை மட்டும் பொருத்தினார்கள். பள்ளத்தாக்கின் தரையில் தொலைநோக்கு வில்லையின் பின்னால் இருந்த ஒருவர், பார்க்க இயலாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவும் அப்படத்தில் இருக்கிறது. 2019-இல் அது ஆஸ்கார் விருது பெற்றது.

ரோவெலுக்கு ஒரு மைல் ஓட வேண்டியிருந்தாலும் ஓடும் துணிவு இருந்தது. அவருடன் நடந்தவருக்கு அந்தத் துணிவோடு, தாம் மிகவும் விரும்பிய இடத்தை விட்டு விலகும் துணிவும் தேவைப்பட்டது. இவ்விரண்டும் ஒரே அறத்தின் இரு பக்கங்கள். தன் காட்சிக்காகத் தன் மூச்சைச் செலவிடலாம். பிறர் உயிரைச் செலவிடலாகாது.

கவிஞருக்கும் இது தொலைவான செய்தி அன்று. பிறர் துயரைப் பாடும்போது அத்துயரின் கயிற்றில் தாமும் பிணைந்திருக்கிறாரா, அன்றித் தரையில் நின்று கைகாட்டுகிறாரா என்பது வரியில் தெரிந்துவிடும். அழுதுகொண்டிருப்பவர் அருகே சென்று சொல் தேடுவதைவிட, சற்று விலகி அவரை அழவிடுவது மேலான நேரங்களும் உண்டு. அந்த நேரத்தில் எழுதப்படாமல் போகும் கவிதைக்காக வருந்த வேண்டுவதில்லை.

இந்த வட்டத்தின் பத்தாண்டுக் கூட்டங்களில் எத்தனையோ கவிதைகள் படிக்கப்பெற்றன. எத்தனையோ கருத்து மோதல்கள் நிகழ்ந்தன. அடுத்த பத்தாண்டுகளில் ஒரு கவிதையைக் கேட்டு முடித்ததும், அதன் உவமை நன்றா, ஓசை நன்றா என்று ஆய்வதற்கு முன், இதை எழுதியவர் எங்கே நின்று எழுதினார் என்று ஒருவரையொருவர் கேட்கும் பழக்கம் இங்கே வளருமாயின், அது இம்மலருக்குச் சிறந்த பயனாகும்.