எண்ணெய் குடித்த மண்

(கொல்லிமலையில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



காலையில் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததில் பாதிப் பேருக்குத் தலை இன்னும் சுற்றுகிறது. சுருக்கமாகவே பேசுகிறேன்.

இந்த மலை மண்ணில் சாமையும் மிளகும் விளைகிறது. கீழே இறங்கி நாமக்கல் போனால் லாரிப் பட்டறைகள். பல பட்டறைகளின் தரை கன்னங்கரேல் என்றிருக்கும். மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காது. வருஷக்கணக்காகக் கொட்டிய பழைய என்ஜின் ஆயில். அந்த மண்ணைத் தேற்ற முடியுமா?

ஓரளவு முடியும். எண்ணெய் என்பது பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களுக்கு அது சாப்பாடு. தின்றுவிட்டுக் கரியமில வாயுவும் தண்ணீருமாக வெளியே விட்டுவிடும். வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி அமெரிக்காவில் உருவாக்கிய எண்ணெய் தின்னும் பாக்டீரியாவுக்குப் பேடன்ட் தரலாம் என்று 1980-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் புகழ்பெற்ற கிருமி களத்தில் இறங்கவே இல்லை என்பது வேறு விஷயம். 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் எண்ணெய் கொட்டியபோது, கரையில் உரம் போட்டு, அங்கே ஏற்கெனவே இருந்த கிருமிகளைத்தான் வளர்த்தார்கள்.

நம் நாட்டில் டெல்லியிலுள்ள டெரி நிறுவனம் ‘ஆயில்ஸாப்பர்’ என்ற பாக்டீரியாக் கலவையை உருவாக்கியது. அதை எதில் ஏற்றித் தருகிறார்கள் தெரியுமா? மணி உதிர்த்த மக்காச்சோளச் சக்கைப் பொடியில்! 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது, வாளி வாளியாக அள்ளிய எண்ணெய்ச் சகதியையும் பாக்டீரியா கொண்டுதான் பக்குவப்படுத்தினார்கள்.

இனி என் கதை. தெரிந்த பெரியவர் ஒருவரின் பட்டறைக் கிணற்றில் எண்ணெய்ப் படலம் மிதக்க ஆரம்பித்தது. கரி மண்ணைத் தோண்டித் தார்ப்பாய் மேல் குவித்தேன். தழைச்சத்துக்கும் மணிச்சத்துக்கும் கோழி எரு கலந்தேன். மூன்று மாதத்தில் சுத்தம் என்று வாக்கும் கொடுத்தேன். தினமும் தண்ணீர் ஊற்றி இறுக்கி மூடி வைத்ததுதான் தப்பு. இந்தக் கிருமிகளுக்குக் காற்று வேண்டும், குவியல் அழுகிவிட்டது. “என்னப்பா இஞ்சினீரு, ஆயில் நாத்தத்தோட கோழி நாத்தத்தையும் சேர்த்துப்போட்டியே!” என்றார் பெரியவர்.

அப்புறம் உமி கலந்து பொலபொலப்பாக்கி, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற அளவு ஈரம் வைத்து, நாலு நாளைக்கு ஒருமுறை மண்வெட்டியால் புரட்டினோம். டீசல் வாடை மெல்லப் போனது. தார் போன்ற கனமான பகுதி மட்டும் இன்னும் கிடக்கிறது; அதற்குக் காலம் பிடிக்கும்.

இப்போது புது வழக்கு. “மண்ணுதான் நல்லாயிருச்சே, தென்னைக்குப் போடலாமல்ல?” என்கிறார். கூடாது என்றேன். பழைய என்ஜின் ஆயிலில் துத்தநாகம், ஈயம் போன்ற உலோகங்கள் இருக்கும். பாக்டீரியா எண்ணெயைத் தின்னும். உலோகத்தைத் தின்று தீர்க்காது. ஆய்வுக்கூடத்தில் பார்க்காமல் ஒரு கூடை மண்கூடத் தோப்புக்குப் போகக் கூடாது. கழிவு ஆயிலைப் பிடித்து வைக்க பீப்பாயும், சிமென்ட் தளமும் போடச் சொன்னேன். பீப்பாய் வந்துவிட்டது. தளம் ஆடி கழியட்டும் என்கிறார்.

மண் பரிசோதனைக்கு வேதியியல் துறை மாணவர்கள் யாராவது வருவதாக இருந்தால், சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பாருங்கள்.