மீன்குளத்தின் மூச்சு
(வால்பாறையில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பாடம் சொல்லும் ஆசிரியர் மீன்குளத்தைப் பற்றிப் பேச எழுந்தது சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். இலக்கணம் கற்பித்தலே எமது தொழில். ஆயினும், வீட்டின் பின்புறத்தே முப்பதடி நீளமும் இருபதடி அகலமும் உள்ள சிறு குளமொன்றை ஆறாண்டுகளாக யாம் பேணி வருகின்றோம். அக்குளம் எமக்குப் புகட்டிய பாடம் ஒன்றுண்டு. அதனை மறையாது சொல்லுதலே இன்று எமது நோக்கம்.

மூன்றாண்டுகட்கு முன்னர் ஆடி மாதத்திலே, கதிரவன் முகமே காணாதபடி ஐந்து நாள் அடைமழை பெய்தது. மீன்கள் இரை கொள்ளவில்லை. பசியால் வாடுகின்றனவே என இரங்கி, கடலைப் பிண்ணாக்கும் தவிடும் வழக்கத்தினும் இரட்டிப்பாக இட்டோம். ஆறாம் நாள் விடியற்காலையிற் சென்று பார்த்தபோது, பெரிய கட்லா மீன்களெல்லாம் செத்து மிதந்தன. துயரம் சினமாக மாறிற்று. வேலி பற்றி எம்மொடு மனத்தாங்கல் கொண்டிருந்த அண்டை வீட்டார் நஞ்சு கலந்தனர் என்றே ஐயுற்றோம். அவரும் நம்மவரே. கண்ணேறு என்றனர் சிலர். பெரியோரைக் கூட்டி முறையிடவும் துணிந்தோம்.

அதற்கு முன்பாக, மீன் வளர்ப்பிற் பழகிய அன்பர் ஒருவர் வந்து இரண்டே வினாக்கள் வினவினார். முதலில் இறந்தவை பெரியனவா, சிறியனவா? குளத்தில் விரால் இருப்பின் அஃது என்னாயிற்று? பெரியவை மாண்டன, சிறியவை பல பிழைத்தன, தாமே வந்து சேர்ந்திருந்த விரால்கள் ஒன்றேனும் இறக்கவில்லை. “அங்ஙனமாயின் இது நஞ்சன்று. மூச்சு முட்டினாற் பெரிய மீனே முதலில் மாயும். விரால் நீர்மட்டத்திற்கு வந்து வெளிக்காற்றை உட்கொள்ள வல்லது, ஆதலின் தப்பியது” என்றார் அவர். யாம் நாணித் தலைகுனிந்தோம்.

மீனுக்கு மூச்சாவது நீரிற் கரைந்துள்ள பிராணவாயு. ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 280 மில்லிகிராம் பிராணவாயு உண்டு. கடல்மட்டத்தில், 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரிலோ ஏழரை மில்லிகிராமே கரையும். 20 டிகிரியில் 9, 10 டிகிரியில் 11 என, குளிருந்தோறும் அது பெருகும். நம் ஊர் குளிர்ந்த ஊராதலின் இக்குறை நமக்கில்லை என்று யாமும் எண்ணியிருந்தோம். அது பிழை. ஏறக்குறைய 3,500 அடி உயரத்திலே காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் கரையும் பிராணவாயுவும் பத்தில் ஒரு பங்குக்குமேல் குறைந்துவிடும்.

இனி, அன்று நிகழ்ந்தது யாதெனின்: நீரிலுள்ள பாசியும் நுண்செடிகளும் பகலில் வெயிலைக்கொண்டு பிராணவாயுவை உண்டாக்கும், இரவில் அவையே அதனை உட்கொள்ளும். ஆகவே குளத்தில் மூச்சு மிகக் குறையும் வேளை விடியற்காலமே. மேகம் மூடிய நாட்களில் வரவு குறைந்தது; செலவு நிற்கவில்லை. உண்ணாத பிண்ணாக்கு அடியில் அழுகி, எஞ்சியதையும் பறித்தது. குளிர்ந்த மழைநீர் கனத்தால் அடியில் இறங்கி, ஆங்கிருந்த கெட்ட நீரை மேலே கிளப்பிற்று. நஞ்சு கலந்தவர் ஒருவருமிலர். எமது அறியாமையே காரணம்.

ஆகவே குளம் வைத்துள்ள அன்பர்கட்குச் சில சொல்லுவோம். கட்லா, ரோகு முதலிய கெண்டை இனங்கள் 25 முதல் 30 டிகிரி வரையுள்ள நீரில் நன்கு உண்டு வளரும். 20 டிகிரிக்குக் கீழே பசி மந்தமாகும். ஆதலின் வெப்பமானி ஒன்றை வாங்கி நாள்தோறும் நீரை அளந்து, நீர் குளிர்ந்தால் இரையைக் குறைமின். மேகம் மூடினால் அறவே நிறுத்துமின். சில நாள் பட்டினியால் மீன் சாவதில்லை.

ஓடைநீரைக் குழாயின் வழியே மூன்றடி உயரத்தினின்று கல்லின்மேல் விழச் செய்க. நீர் சிதறுந்தோறும் காற்று கலக்கும். மழைக்காலத்தில் மின்சாரம் நின்றுபோகும் நம் ஊரிலே, மோட்டாரை நம்புவதினும் மலைச்சரிவை நம்புதல் நன்று. எனினும் மார்கழி, தை மாதத்து இரவுகளில் ஓடைநீர் மிகக் குளிர்ந்திருக்குமாதலின், அப்போது வரத்தைச் சுருக்கி, நண்பகலில் மிகுதியாக விடுக. சில்வர் ஓக் மரத்தின் சருகு குளத்தில் விழுந்து அழுகவிடலாகாது. தேயிலைச் சரிவின் உரமும் மருந்தும் மழையோடு வந்து சேராதபடி, மேற்புறத்தே ஒரு வாய்க்கால் வெட்டி நீரைத் திருப்புக.

ஆழியாற்றிலிருந்து குஞ்சுகளைக் கொணர்வோர் நாற்பது கொண்டையூசி வளைவுகள் ஏறி வருகின்றனர். கீழே வெப்பம், மேலே குளிர். பையை அவிழ்த்து உடனே கொட்டினால் குஞ்சுகள் அதிர்ச்சியால் மாயும். பையைக் கால்மணி நேரம் குளத்தில் மிதக்கவிட்டு, குளத்துநீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்துப் பின்னர் விடுக.

எல்லாவற்றினும் முதன்மையானது, விடியுமுன் குளக்கரைக்குச் செல்லுதல். மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து நின்றால் அது பசியன்று, மூச்சுத்திணறல். அப்போது இரையிடாது, குடத்தால் நீரை மொண்டு உயர்த்தி ஊற்றுமின், ஓடைநீரைத் திறந்துவிடுமின்.

அன்பர்களே! அன்று மாலையே அண்டை வீட்டாரிடஞ் சென்று, எம் நெஞ்சில் நினைத்ததை ஒளியாது கூறிப் பொறுத்தருள வேண்டினோம். அவர் சினந்தாரல்லர், மறுநாள் தம் வீட்டிலிருந்த பழைய இரும்புக் குழாயைத் தந்தார். இன்று எம் குளத்தில் நீர் விழுவது அக்குழாயின் வழியேதான். வேலிச் சச்சரவும் அத்துடன் ஒழிந்தது. நம்முள் ஒருவர்க்கு இழப்பு நேருங்கால், யார் செய்தது என்று வினவுமுன், எதனால் நேர்ந்தது என்று வினவுவோமாக. அவ்வொரு பழக்கமே நம் சங்கத்தைப் பல பிணக்குகளினின்று காக்கும்.