கூடு கட்டும் காலத்தில் கேமரா



பங்குனி பிறந்தால் பெங்களூரில் வெயில் ஏறத் தொடங்கிவிடும். ஆனாலும் விடியற்காலையில் கொஞ்சம் குளிர் மிச்சம் இருக்கும். அந்தக் குளிரை நம்பித்தான் சனி, ஞாயிறுகளில் இருட்டு விலகும் முன்பே நந்தி மலைக்கும் இராமநகரத்துக்கும் துரஹள்ளிக் காட்டுக்கும் ஆட்கள் கிளம்புகிறார்கள். நடக்கப் போகிறவர்களில் பலரது தோளில் இன்று நீண்ட லென்ஸ் பொருத்திய கேமரா தொங்குகிறது. பறவையைப் பார்க்கும் ஆசை இத்தனை பேருக்கு வந்திருப்பது நல்ல செய்தி. இந்த மாதங்களில் பறவைகள் என்ன வேலையில் இருக்கின்றன என்பதையும் அவர்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதற்காகவே இந்தப் பேச்சு.

கோடையின் தொடக்கத்தில் இங்கே இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. குளிர்காலத்தைக் கழிக்க வடக்கிலிருந்து வந்த விருந்தாளிகள் ஊர் திரும்புகின்றன. இங்கேயே வாழும் பறவைகளில் பலவும் கூடு கட்டத் தொடங்குகின்றன.

நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், 1,478 மீட்டர் உயரத்தில் இருக்கிறது நந்தி மலை. இமயமலைப் பக்கம் இனப்பெருக்கம் செய்யும் நீலத்தலைப் பூங்குருவி குளிர்காலத்தில் இந்த மலையின் மர நிழலுக்கு வரும், ஏப்ரலில் புறப்பட்டுவிடும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய நீலகிரிக் காட்டுப்புறா, அந்த மலைத்தொடரை விட்டு இவ்வளவு தள்ளியிருக்கும் இந்தக் குன்றிலும் வாழ்கிறது. பாறையும் புதரும் கலந்த சரிவுகளில் மஞ்சள்தொண்டைச் சின்னான் இருக்கிறது. தலையும் தொண்டையும் பளிச்சென்ற மஞ்சள். ஆனால் கூச்சம் மிகுந்த பறவை. புதரின் உச்சியில் ஒரு நொடி தெரியும், மறு நொடி உள்ளே போய்விடும். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது. கல் குவாரிகள் அந்தக் குன்றுகளை உடைக்க உடைக்க, இதன் வீடும் சுருங்கிக்கொண்டே வருகிறது.

மைசூர் சாலையில் போனால் இராமநகரம். 1975இல் வெளிவந்த ‘ஷோலே’ படத்தில் வரும் பாறைகள் இந்த ஊருடையவை. அங்குள்ள இராமதேவர் பெட்டாவை 2012இல் பாறுக் கழுகுகளுக்கான சரணாலயமாகக் கர்நாடக அரசு அறிவித்தது. செங்குத்துப் பாறையின் விளிம்புகளில் கருங்கழுத்துப் பாறு கூடு வைக்கும். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. குஞ்சு பறக்கும் வரை மாதக்கணக்கில் பெற்றோரின் காவல். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, இறந்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, நாடு முழுவதும் அவற்றைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைக் கொடுக்கத் தடை வந்தது. ஆண்டுக்கு ஒரு முட்டையிடும் பறவை இழந்த எண்ணிக்கையை மீட்கப் பல தலைமுறை ஆகும். அப்படிப்பட்ட பறவையின் கூட்டுக்கு நேரே பாறை ஏறிப் போய்ப் படம் எடுப்பது எவ்வளவு பெரிய கேடு என்று நினைத்துப் பாருங்கள்.

அவ்வளவு அரிய பறவை வரைக்கும் போக வேண்டாம். ஏரிக்கரையில் நாம் தினமும் பார்க்கும் ஆள்காட்டியையே எடுத்துக்கொள்வோம். அது வெறுந்தரையில், சரளைக் கற்களுக்கு நடுவில் முட்டையிடும். பெரும்பாலும் நான்கு முட்டைகள். கரும்புள்ளிகளோடு பார்ப்பதற்குக் கூழாங்கல் மாதிரியே கிடக்கும். வெயில் ஏறியதும் தாய்ப்பறவை தண்ணீருக்குப் போய் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டைகளின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தணிக்கும். நாம் கேமராவோடு பக்கத்தில் போய் நின்றால், அது எழுந்து தலைக்கு மேலே கத்திக்கொண்டே வட்டமிடும். இறக்கை விரித்த அழகான படம் நமக்குக் கிடைக்கும். அந்த நேரமெல்லாம் முட்டைகள் வெயிலில் கிடந்து காயும். 2016 ஏப்ரலில் பெங்களூரிலேயே வெப்பநிலை 39.2 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அப்படிப்பட்ட வெயிலில் திறந்து கிடக்கும் முட்டைக்குள் கரு பிழைப்பது கடினம்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்பதற்குச் சொல்லும் விளக்கத்தில், காட்டுப் பறவையின் முட்டைக்கும் கூட்டுக்கும் தொந்தரவு கொடுப்பதும் அடங்கும். துப்பாக்கி தூக்கினால்தான் வேட்டை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பொறுமையாகப் படம் எடுப்பதற்கு நம்மவர்களிலேயே முன்னோடிகள் உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படம்பிடித்தவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். தஞ்சாவூரில் 1932இல் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டி.என்.ஏ. பெருமாள், காட்டுயிர் ஒளிப்படத்தில் உலக அளவில் மதிக்கப்பட்டவர். 2017இல் மறையும் வரை இளைஞர்கள் பலருக்கு ஆசானாக இருந்தார். அவர்கள் தொடங்கியது ஃபிலிம் காலம். ஒரு சுருளில் 36 படம்தான். அதனால் பறவையின் பழக்கத்தை முதலில் படித்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. இன்றைய கேமரா ஒரு நொடியில் இருபது படம்கூட எடுக்கும். பறவையைப் படிக்கும் வேலையை மட்டும் எந்தக் கேமராவும் நமக்காகச் செய்யாது.

அந்தப் படிப்பின் முதல் பாடத்தைச் சொல்கிறேன். வாயில் புழுவோடு ஒரு பறவை கிளைக்குக் கிளை தாவுகிறது, ஆனால் புழுவை விழுங்கவும் இல்லை, எங்கும் போகவும் இல்லை என்றால், கூடு பக்கத்தில் இருக்கிறது, நீங்கள் குறுக்கே நிற்கிறீர்கள் என்று அர்த்தம். உடனே பின்வாங்குங்கள். நல்ல வெளிச்சம் கிடைக்கும் என்று கூட்டை மறைக்கும் கிளையை ஒடிக்காதீர்கள். காகமும் செம்போத்தும் அந்தத் திறப்பு வழியாகத்தான் முட்டையைக் கண்டுபிடிக்கும். செல்பேசியில் பறவைக் குரலைப் போட்டு அழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தை அது சண்டையில் செலவழிக்கும். கூடு இருக்கும் இடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

பிறகு என்னதான் எடுப்பது? மங்கிய நிற உடையில் பாதையோரம் ஒரு பாறையருகே அரை மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். பூத்திருக்கும் கல்யாண முருங்கைக்குத் தேன்சிட்டு வரும், மைனா வரும். பழுத்த ஆலமரத்துக்குக் குக்குறுவான் வரும். அவை தம் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்க, நீங்கள் எடுக்கும் படத்தில் அவற்றின் உண்மையான வாழ்க்கை இருக்கும். பார்த்த பறவைகளின் பட்டியலை ‘இ-பேர்ட்’ தளத்தில் பதியுங்கள். மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை உலகெங்கும் பறவைகளைக் கணக்கெடுக்கும் நாள். அதில் நீங்களும் சேரலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். கூட்டைக் கண்டால் தள்ளி நின்று ஒரு முறை பார்த்துவிட்டு, படம் எடுக்காமல் வந்துவிடுங்கள். அந்தக் கூட்டிலிருந்து குஞ்சுகள் பறந்து வந்தால்தான் அடுத்த கோடையில் நமக்கும் படம் எடுக்கப் பறவை இருக்கும்.