அட்டை இருந்தால் போதுமா?

வாக்காளர் அட்டை பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிப் போய், பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்புகிறவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு. ஓட்டுப் போட வைப்பது அட்டை அல்ல, பட்டியல். வடசென்னைக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ராயபுரத்தில் வாடகைக்கு இருந்தவர் திருவொற்றியூருக்கு மாறுகிறார். சுனாமிக்குப் பிறகு கடற்கரையை விட்டு எர்ணாவூர்க் குடியிருப்புக்குப் போன குடும்பங்களும் உண்டு. வீடு மாறியவருக்குப் படிவம் 8, புதிதாகச் சேருகிறவருக்குப் படிவம் 6.

"ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும்?" என்பார்கள். 2021-ல் இதே சென்னையில் தியாகராய நகர் தொகுதியின் முடிவு 137 ஓட்டில் நின்றது. ஒரு தெருவின் ஓட்டு அது. "கூலி போகுமே" என்பது நியாயமான கவலை. அதற்காகத்தான் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, தினக்கூலிக்காரருக்கும் வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தரச் சொல்கிறது. சொந்தமாகக் கடலுக்குப் போகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2024-ல் வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 19 மீன்பிடித் தடைக்காலத்தில் வந்ததால் விசைப்படகுகள் கரையில் இருந்தன. 2021-ன் வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 6 அப்படி அமையவில்லை. "யார் வந்தாலும் எங்கள் ஆற்றில் எண்ணெய்தானே?" என்று எண்ணூர்க்காரர் கேட்டால், 2023 டிசம்பரில் அங்கே எண்ணெய் பரவியதைப் பார்த்தவர்கள் மறுக்க முடியாது. ஆனால் வேட்பாளரின் ஆட்கள் தெருவுக்கு வரும்போது கையில் இருப்பது அந்தப் பட்டியல்தான். பெயரில்லாத வீட்டின் கோபம் அவர்கள் கணக்கில் ஏறாது. உங்கள் பெயர் இருக்கிறதா என்று இன்றே 1950 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள்.